ஃபிரிட்ஜுக்குள் சாவி

கோடையில் இந்த ஊரில் எதையும் பதிய முடியாது.
புந்தா அரேனாஸின் டிசம்பர் காற்று
கடன் கொடுத்தவன் கதவை உலுக்குவதுபோல்
தகரக் கூரையை உலுக்கும்.
தெருமுனையில் கயிறு கட்டியிருப்பார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
ஜூலையில்தான் அது கொஞ்சம் ஓயும்.
ஐந்தரைக்கே இருட்டி
பனி தெருவின் வாயை அடைத்த பிறகு
கிட்டாரை வெளியே எடுப்பேன்.

ரெக்கார்டர் சோப்புக்கட்டி அளவு.
தலையில் இரண்டு மைக்,
கைகட்டி நிற்கும் பரீட்சை அதிகாரி மாதிரி.
ஒலித்துளைக்கு நேரே வைத்தால்
அண்டாவுக்குள் பேசியதுபோல் முழங்கும்.
பின்னால் தள்ளினால் வெறும் தகரம்.
பன்னிரண்டாவது மெட்டைப் பார்த்தபடி
ஒன்றரைச் சாண் தூரம்:
நாற்காலிமேல் மூன்று பீச் பழ டின்கள்,
டின்கள்மேல் மடித்த கம்பளிக் காலுறை,
காலுறைமேல் அது.
இவ்வளவு தெரிந்துகொள்ள
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

அப்புறம் வீட்டை அணைக்கத் தொடங்குவேன்.
சுவர்க்கடிகாரத்தைச் சால்வையில் சுற்றி
குளியலறையில் கிடத்துவேன்.
காஸ் கணப்பை மூடுவேன்,
விரல் விறைக்க இருபது நிமிடமாவது ஆகும்.
ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்குவேன்.
போன வருடம் அதைத் திரும்பச் செருக மறந்து
இவோவின் அண்ணன் அனுப்பிய
அரை ஆடு நாறிப்போனது.
அதனால் இப்போது கார் சாவியை
உள்ளே, வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.
காலையில் படகுத்துறை டிக்கெட் கவுண்டருக்கு ஓடும்போது
சாவியைத் தேடியாவது
ஃபிரிட்ஜைத் திறந்தாக வேண்டும்.

எல்லாம் நின்றபின்தான்
எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.
ஹெட்போனில் என் ஸ்வெட்டர்
கிட்டாரின் முதுகை உரசுகிறது. கழற்றினேன்.
நாற்காலி முனகுகிறது. தரைக்கு இறங்கினேன்.
மூக்கு.
மூக்கை என்ன செய்ய?

இவோ சலித்துக்கொள்வதில்லை.
"எவ்வளவு நேரம்?"
"நாலு நிமிடம்."
கப்பல் பட்டறையில் நாளெல்லாம் இரும்படிப்பவன்
பூட்ஸைக் கழற்றிவிட்டு
நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றுகொள்வான்.
நாலு நிமிடம் நாற்பதாகும்.
அவன் கேட்கிறானா, சும்மா நிற்கிறானா
என்று நான் விசாரித்ததில்லை.

மூன்றாம் தடவை, பார்ரியா வீட்டு நாய்.
ஏழாம் தடவை கட்டைவிரல் ஆசைப்பட்டு அடிக்க
சிவப்பு விளக்கு எரிந்து ஒலி கிழிந்தது.
பதினொன்று நன்றாகவே வந்தது,
கடைசித் தந்தி அடங்குமுன்
"அப்பாடா" என்றுவிட்டேன்.
பதினாலில் பேட்டரி குளிருக்குச் செத்தது.
டிவி ரிமோட்டிலிருந்து இரண்டைப் பிடுங்கிப் போட்டு
பதினாறு.

இரவு ஒன்றரைக்குப் போர்வைக்குள் கேட்டேன்.
பரவாயில்லை. பரவாயில்லைக்கும் மேலேதான்.
மூன்றாவது நிமிடத்தில், நான் எப்போதும் தடுக்கும்
அந்த இடத்துக்குச் சற்று முன்னால்
'டொக்'.
கிட்டாரின் ஒட்டு விட்டுவிட்டதோ என்று பயந்தேன்.
டின்னோ? தரைப்பலகையோ?
ஒலியைக் கூட்டி, கூட்டி,
மூன்று விநாடியைப் பத்துத் தடவை கேட்டேன்.

முழங்கால்.
அதுவரை எடை மாற்றாமல் நின்றவனின்
இடது முழங்கால்.
இன்னும் கூட்டினால், அடியில்,
கடினமான பிடிக்கு விரல் போகும் கணத்தில்
என் மூச்சு நிற்கிறது.
தூரத்தில் இன்னொரு மூச்சும்
அங்கேயே நிற்கிறது.
பிடி விழுந்த பிறகு
முதலில் விட்டது அவன்.

கலாமாவில் இருக்கும் தங்கைக்கு
'டொக்'கை வெட்டி அனுப்பினேன்.
அவளுக்குப் பாட்டுப் போதும்.
வெட்டாத பதினாறு கார்டிலேயே கிடக்கிறது.
இவோவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த முறை
ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

காலையில் எழுந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான்.
ஃபிரிட்ஜ் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.
சாவி கதவோரத்து ஆணியில் தொங்கியது.
தொட்டேன்.
இன்னும் சில்லென்றிருந்தது.